லாவ் எழுதிய நான்கு வரி

2007 பிப்ரவரி 20, செவ்வாய்

இன்றும் பூங்காப் பெஞ்சில் சீனக் கிழவர் லாவும் நானும்தான். ஹாங்காங்கில் காயல்பட்டினத்தார் ரத்தினக் கடையில் முப்பத்தோரு வருடம் சமைத்து, கேட்டுக் கேட்டு நான் பிடித்த பாஷை கான்டனீஸ். கலிபோர்னியாவில் இந்த டப்ளினுக்கு, மகன் வீட்டுக்கு வந்தபிறகு இவரிடம் மட்டும்தான் அது செல்லும்.

லாவின் பேத்தி பள்ளியில் மாண்டரின் படிக்கிறாளாம். "ஒரு சொல்லை இழுத்துச் சொல்ல அவங்களுக்கு நாலே ராகம். நமக்கு ஆறு. பாவம், இல்லாதப்பட்டவங்க," என்றார். 'நமக்கு' என்றார்.

பிறகு சீனப் பேப்பரை நீட்டி, "இதப் படிச்சியா?" என்றார். வழக்கம்போல, படிக்கிறவன் பார்க்கும் நேரம் பார்த்துத் தலையாட்டினேன். ஓர் எழுத்தும் தெரியாது என்று இரண்டு வருடமாகச் சொல்லவில்லை. பள்ளிக்கூடம் போகாதவன் நான். உம்மா சொல்லித்தந்த அரபு எழுத்தில் தமிழை எழுதுவேன், இதோ இப்படி. பாஸ்போர்ட்டில் கைநாட்டுதான்.

மார்ச் 2, வெள்ளி

லாவுக்கு ஸ்ட்ரோக். பேச்சு போய்விட்டது. கை பிழைத்தது.

மார்ச் 11, ஞாயிறு

அவர் வீட்டுக்குப் போனேன். மகள் மாடியில் ஏதோ பெட்டியை இழுத்துக்கொண்டிருந்தாள். லாவ் தாளில் நான்கு வரி எழுதி நீட்டினார். பார்த்தேன். தலையாட்டினேன். என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. எதற்குச் சரி என்றேன்? தாளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

இரவு மருமகள் ஆஸிபாவிடம் சொன்னேன். "படிக்கத் தெரியாதுன்னு சொன்னா என்ன மாமா? அவர் என்ன ஸ்கூல் இன்ஸ்பெக்டரா?" என்றாள். ஆபீஸில் பெய்ஜிங்காரி ஒருத்தி இருக்கிறாளாம், காட்டுகிறேன் என்று தாளை வாங்கிக்கொண்டாள்.

மார்ச் 12, திங்கள்

ஒன்பதரைக்கு ஆஸிபா போன் செய்தாள். பெய்ஜிங்காரி போனிலேயே மாண்டரினில் வாசித்தாள். எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. எழுத்து இரண்டு பாஷைக்கும் ஒன்றுதானாம், ஒலிதான் வேறு. என் எழுத்தை ஓர் அரபி வாசித்தால் ஒலி வரும், பொருள் வராது. இவளுக்குப் பொருள் வந்தது, லாவ் வரவில்லை.

பொருளும் பாதிதான். "இவர் பேசுற மாதிரியே எழுதியிருக்காராம் மாமா. சில எழுத்து அவங்க யூஸ் பண்றதே இல்லையாம். பத்து மணி, பெஞ்ச், ஏர்போர்ட்னு வருதாம். என்னைக்குன்னு தெரியலையாம். நீங்க போய் அவரையே பார்த்துட்டு வாங்களேன்."

போகவில்லை. இன்னொரு தாளை நீட்டினால்?

மார்ச் 13, செவ்வாய்

போனேன். வீடு பூட்டிக் கிடந்தது.

மார்ச் 17, சனி

ஆஸிபா ஓக்லாந்துக்குக் கூட்டிப்போனாள். சைனா டவுன் பேக்கரியில் கல்லாவில் இருந்த கிழவி கான்டனீஸ்காரி. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வாசித்தாள். கடையில் அத்தனை பேர் நடுவே லாவ் பேசினார், அதே இழுப்பு, அதே 'டா'.

'நாளைக்குக் காலையில பத்து மணிக்கு நம்ம பெஞ்சுக்கு வாடா. மக தள்ளிக்கிட்டு வருவா. அங்கேருந்தே ஏர்போர்ட், டொராண்டோவுல மகன் வீட்டுக்கு. இனி வரமாட்டேன். நீ பேசு, நான் கேட்கிறேன்.'

நாளைக்கு என்றால் திங்கள். ஒன்பதரைக்கு நான் போனைக் காதில் வைத்திருந்தேன். பெஞ்சு எட்டு நிமிட நடை. யா அல்லாஹ், சும்மா நடந்து போயிருந்தாலே போதுமே. அதுக்குப் படிப்பு எதுக்கு?

மார்ச் 18, ஞாயிறு

அந்தத் திங்கட்கிழமை காலையில் குளிர் அதிகம்.

ஜூன் 19, செவ்வாய்

லாவின் மகள் வாசலில் வந்து நின்றாள். போன மாதம் டொராண்டோவில் அவர் கண்ணை மூடிவிட்டாராம். ஒரு கட்டுத் தாளைக் கொடுத்தாள். "எல்லாம் உங்களுக்கு எழுதினது. அன்னைக்கு உங்களுக்கு உடம்புக்கு என்னவோன்னுதான் கடைசி வரைக்கும் கவலை அப்பாவுக்கு. நீங்க படிச்சுப் பதில் போடுவீங்கன்னு சொல்லிட்டே இருந்தார்."

இரண்டு கையாலும் வாங்கினேன். தலையாட்டினேன்.

"சனிக்கிழமை ஓக்லாந்து போலாமா மாமா?" என்று ஆஸிபா கேட்டாள். இப்போது அவசரமில்லை என்றேன்.

கட்டை இந்த நோட்டின்மேல் வைத்திருக்கிறேன். இந்த வீட்டில் இரண்டையும் வாசிக்க ஆளில்லை.