பன்னிரண்டு பெட்டி, பத்துச் சுற்று

மார்ச் 3, செவ்வாய்

இன்று காலை பத்து மணிக்கு என் ரயில்வேயின் மீது போர் தொடுக்கப்பட்டது. படையெடுத்தவள் என் மனைவி. ஆயுதம், ஓர் இன்ச் டேப். மாடி அறையைக் குறுக்கும் நெடுக்கும் அளந்துவிட்டுச் சொன்னாள்: "முந்நூறு ஸ்கூல் யூனிஃபார்முக்கு ஆர்டர் வந்திருக்கு. இன்னொரு தையல் மெஷின் வருது, தைக்க ஒரு பொண்ணும் வருது. இந்த ரூம் எனக்கு வேணும்."

அறை முழுக்க ஒரே மேஜை. மேஜை முழுக்க என் பொம்மை ரயில் தேசம். இரண்டு ஸ்டேஷன், ஒரு பாலம், பழைய பேப்பரும் பசையும் கொண்டு நான் எழுப்பிய ஒரு மலை, நாற்பத்தொரு குடிமக்கள் (மூவருக்குத் தலை இல்லை, ஆனால் குறை சொல்வதில்லை). பேரரசுகள் இதைவிடச் சின்னக் காரணத்துக்கு விழுந்திருக்கின்றன. ஆனால் இன்ச் டேப்புக்கு எதுவும் விழுந்ததில்லை.

"முடியாது" என்றேன். கம்பீரமாகத்தான். குரல்தான் கொஞ்சம் கீச்சென்று வந்துவிட்டது.

மார்ச் 5, வியாழன்

மச்சினன் வந்து இறங்கினான். மனைவியின் தம்பி, நிஜ ரயில் ஓட்டுகிறான். இந்த ஊருக்கு மாற்றல். குவார்ட்டர்ஸ் கிடைக்கும்வரை இங்கேதான். ஆறாயிரம் குதிரை சக்தி மின்சார இன்ஜின் ஓட்டும் கையால் என் இன்ஜினைத் தூக்கிப் பார்த்தான். எலிக்குஞ்சைப் பார்ப்பது போல.

ஓட்டிக் காட்டினேன். கடிகாரத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டான்.

"மாமா, எண்பத்தேழுல ஒரு பங்கு சைஸ் இது. இப்போ நீங்க போற வேகத்த எண்பத்தேழால பெருக்குங்க. மணிக்கு முந்நூறு கிலோமீட்டர்! அதுவும் அந்த வளைவுல! உள்ள இருக்கிற பயணியெல்லாம் சுவத்துல சட்னியா ஒட்டியிருப்பான்."

"என் பயணிகள் பிளாஸ்டிக். பொறுத்துக்கொள்வார்கள்" என்றேன்.

மார்ச் 6, வெள்ளி

பழிவாங்கினேன். அவனுடைய இன்ஜின் நூற்றிருபது டன். நீளம், அகலம், உயரம் மூன்றையும் எண்பத்தேழில் ஒரு பங்காகக் குறைத்தால் நியாயமாக நூற்றெண்பது கிராம்தான் தேறும். என் இன்ஜின் முந்நூறு கிராம்! ஆக, இருவரில் கனரக வண்டி ஓட்டுபவன் நானே. பல் துலக்கிக்கொண்டிருந்தவனிடம் இதைச் சொன்னேன். நுரையோடு ஏதோ சொன்னான். பாராட்டாகத்தான் இருக்கும்.

மார்ச் 8, ஞாயிறு

ஒப்பந்தம் கையெழுத்தானது. பன்னிரண்டு பெட்டிகளை இழுத்துக்கொண்டு, பாலம் ஏறி இறங்கி, நிற்காமல் பத்துச் சுற்று. முடித்தால் அறை எனக்கு, இனி பேச்சே கிடையாது. நடுவில் நின்றாலோ என் கை பட்டாலோ அறை அவளுக்கு. நாள், வரும் சனிக்கிழமை. நடுவர், மச்சினன். "அக்கான்னு பாக்க மாட்டேன், மாமான்னும் பாக்க மாட்டேன்" என்று சத்தியம் செய்தான்.

இதுவரை நான் இழுத்தது ஐந்து பெட்டிதான் என்பதை ஒப்பந்தத்தில் குறிப்பிட மறந்துவிட்டேன்.

மார்ச் 9, திங்கள்

ஒன்பது பெட்டி. பாலத்து ஏற்றத்தில் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றுகிறது. எண்ணெய்ச் சட்டியில் ஓடும் பூனை மாதிரி.

மார்ச் 11, புதன்

மானத்தை விட்டுக் கேட்டேன். "மாப்பிள்ளே, சும்மா பொது அறிவுக்குத்தான். உங்க இன்ஜின் ஏற்றத்துல வழுக்காதா?"

"வழுக்காம என்ன? மழை நாள்ல நல்லா வழுக்கும். கம்ப்யூட்டரே கண்டுபிடிச்சு வேகத்தைக் குறைக்கும். அப்பவும் பிடிக்கலன்னா மணல்தான். சக்கரத்துக்கு முன்னாடி தண்டவாளத்துல மணல் கொட்டும். கப்புன்னு பிடிச்சுக்கும்."

மணல்! இவ்வளவு பெரிய விஞ்ஞானத்தின் உச்சியில் உட்கார்ந்திருப்பது ஒரு பிடி மணலா? எழுந்து ஆடத் தோன்றியது. பொது அறிவுக்கு ஆடக்கூடாது என்று அடக்கிக்கொண்டேன்.

மார்ச் 13, வெள்ளி

எதிரே வீடு கட்டுகிறார்கள். ஒரு டம்ளர் மணல் கொண்டுவந்தேன். டீ வடிகட்டியில் மூன்று முறை சலித்தேன். பாலத்தின் இருபக்க ஏற்றத்திலும் தூவினேன். கொஞ்சம் தாராளமாகவே. ஒத்திகை பார்க்கவில்லை. மாவீரர்கள் ஒத்திகை பார்ப்பதில்லை.

மார்ச் 14, சனி

முதல் சுற்று, பாலத்தின் அடிவாரம். மணலில் ஏறியதும் ஒரு துடிப்பு, ஒரு விக்கல், அப்புறம் மௌனம். சக்கரம் சுற்றக்கூட இல்லை. இன்ஜின் விளக்கும் அணைந்துவிட்டது.

மச்சினன் குனிந்து விரலால் தொட்டுப் பார்த்தான். "மாமா… இது என்ன, மணலா?"

"நீதானே சொன்னே!"

"ஐயோ மாமா! எங்களுக்குக் கரண்ட் தலைக்கு மேல கம்பியில வருது. உங்களுக்கு எங்க வருது? தண்டவாளத்துலதானே? அதுமேல மணலைக் கொட்டினா சக்கரத்துக்குக் கரண்ட் எப்படிப் போகும்?"

என் மனைவி சிரித்த சிரிப்பில் தலையில்லாத குடிமகன் ஒருவன் சாய்ந்து விழுந்தான்.

தோற்றேனா? நானா? "நடுவரே, வழியில் இன்ஜின் பழுதாகி நின்றால் சட்டம் என்ன?" என்றேன்.

"உதவி இன்ஜின் கேட்கணும். அது வர்ற வரைக்கும் வண்டிய அசைக்கக்கூடாது" என்றான், வேலைப் பழக்கத்தில் நிமிர்ந்து நின்று.

"கேட்டுவிட்டேன். வரும்வரை யாரும் இந்த வண்டியைத் தொடக்கூடாது. மேஜையையும்."

"எப்போ வருமாம் அந்த இன்ஜின்?" என்றாள்.

"என்னிடம் இருப்பது ஒன்றுதான்."

மச்சினன் தலையைச் சொறிந்தான். "அக்கா… சட்டப்படி பாத்தா…"

அவள் இன்ச் டேப்பைச் சுருட்டிக்கொண்டு கீழே போனாள். சட்டத்தால் வென்றேன்!

மார்ச் 15, ஞாயிறு

தண்ணீர் குடிக்க அடுக்களைக்குப் போனேன். தரையில் துணியை விரித்து, மண்டியிட்டு வெட்டிக்கொண்டிருந்தாள். அடுப்புக்கும் அலமாரிக்கும் நடுவில் இருந்த இடத்துக்குத் துணி போதவில்லை — இல்லை, துணிக்கு இடம் போதவில்லை. எழுந்திருக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டாள். முட்டியைத் தேய்த்தாள். என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். "தண்ணி அந்தப் பானையில இருக்கு" என்றாள். அவ்வளவுதான்.

என்னய்யா பண்ணிக்கிட்டிருக்கே நீ? அவ தரையில ஊர்றா, நீ மேல பொம்மைக்குச் சட்டம் பேசிக்கிட்டு உக்காந்திருக்கே. தோத்தவன் தோத்தேன்னு சொல்ல வேண்டியதுதானே? வாயில என்ன கொழுக்கட்டையா?

மார்ச் 16, திங்கள்

பெட்டிகளைக் கையால் தூக்கி அட்டைப்பெட்டிக்குள் வைத்தேன். மலையை இரண்டாக அறுத்தேன். "வந்து அளந்துக்கோ" என்று கீழே குரல் கொடுத்தேன்.

மார்ச் 18, புதன்

மேஜை துணி வெட்டுவதற்கு நல்ல உயரமாம். அதை விட்டுவைத்தாள். ஓரமாக ஒரே ஒரு நேர்த் தண்டவாளத்தையும், "அது இருந்துட்டுப் போகட்டும்" என்று. நான் காரணம் கேட்கவில்லை. கேட்டால் மாற்றிவிடுவாள்.

மார்ச் 25, புதன்

மேஜையின் இந்தக் கோடியில் அவள் மெஷின், அந்தக் கோடியில் தைக்க வந்த பெண்ணின் மெஷின். நடுவே போய் வருவது என் இன்ஜினும் நான்கு சரக்குப் பெட்டிகளும்: பொத்தான், நூல்கண்டு, ஊசி, சாக்பீஸ். தண்டவாளத்தை நானே தினமும் துடைக்கிறேன்.

பதினொரு மணிப் பொத்தான் வண்டி இன்று ஏழு நிமிடம் தாமதம். வாசலில் பேப்பர்காரரிடம் பேசிக்கொண்டு நின்றுவிட்டேன். மேலிடம் விளக்கம் கேட்டிருக்கிறது.