பஞ்சு சுட்ட கை

ஏனுங்க,

இன்று மத்தியானம் டிவி ரிமோட்டின் பின்மூடி உடைந்துவிட்டது. கீழே போட்டது நான்தான். நீங்கள் இருந்திருந்தால் பழியை உங்கள் தலையில் கட்டியிருப்பேன். முக்குக் கடையில் சூப்பர் குளூ ஒன்று வாங்கிவந்து, முனையில் ஊசியால் குத்தினேன். அந்த நெடி எழுந்து கண்ணைக் கரித்தது பாருங்கள், அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ரிமோட் அங்கேயே கிடக்கிறது. நான் உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு சொட்டு வழிந்தபோது என் கை தன்னால் பக்கத்தில் இருந்த பனியன் வேஸ்டுக்கு, அந்தப் பஞ்சு நூல் கழிவுக்குப் போயிற்று. சட்டென்று இழுத்துக்கொண்டேன். இத்தனை வருஷம் கழித்தும் அந்தப் பயம் போகவில்லை. ஏன் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்வேன். நான் பேச, நீங்கள் சிரித்துக்கொண்டே கேட்க, அப்படியே பழகிவிட்டது.

முதல் டியூப் நம் கைக்கு வந்தது எழுபதுகளில், கல்யாணமான புதிதில். திருப்பூரில் வீரபாண்டிப் பக்கம் லைன் வீட்டில் ஒற்றை அறையில் இருந்தோம். பனியன் கம்பெனியில் நீங்கள் பவர் டேபிளில் தைப்பீர்கள். நான் எதிரில் நின்று துணியின் ஓரத்தை மடித்துக் கொடுக்கும் கைமடி வேலைக்காரி. கம்பெனிக்கு ஒரு வெளிநாட்டு மெஷின் வந்தது. அதை மாட்டிக் கொடுக்க வந்த மெக்கானிக்குக்கு நீங்கள் கூடமாட நின்றீர்கள். அவர் போகும்போது அந்த டியூபை உங்கள் கையில் வைத்துவிட்டுப் போனார். சுண்டுவிரல் அளவுகூட இல்லை. மேலே பொடிப்பொடியாக என்னமோ எழுதியிருந்தது; எந்த ஊர் எழுத்து என்றே நமக்குத் தெரியவில்லை. லைன் வீட்டுக்காரர்கள் ஆளாளுக்கு வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கோந்துதானுங்களே" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

நீங்கள் என் அறுந்த ரப்பர் செருப்பை எடுத்தீர்கள். வாரில் ஒரு சொட்டு வைத்து, அழுத்திப் பிடித்து, சித்த நேரத்தில் பிடித்து இழுத்துக் காட்டினீர்கள். இழுத்த இழுப்பில் நீங்கள்தான் பின்னால் தள்ளாடினீர்கள், வார் அசையவில்லை. அவ்வளவுதான்! மறுநாளிலிருந்து நம் வீட்டு வாசலில் கூட்டம். பல் போன சீப்பு, காது உடைந்த மூக்குக் கண்ணாடி, திருகு கழன்ற டிரான்சிஸ்டர், கேரம் விளையாடுகிற பையன்களின் இரண்டாய்ப் பிளந்த ஸ்ட்ரைக்கர், எல்லாம் வந்தது. ஒருத்தி பிளாஸ்டிக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அதில் மட்டும் எவ்வளவு வைத்தும் பிடிக்கவில்லை. அன்று ராச்சோறு நீங்கள் சரியாகச் சாப்பிடவில்லை. குடம் ஒட்டாததற்குச் சோற்றின் மேல் கோபித்துக்கொண்ட மனுஷன் நீங்கள் ஒருத்தர்தான்.

ஒரு நாள் எவர்சில்வர் டம்ளரோடு உங்கள் கட்டைவிரல் ஒட்டிக்கொண்டது. கம்பெனிச் சங்கு ஊதுகிறது, நீங்கள் வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். "இப்பிடியே போங்க, டீ குடிக்க வசதியா இருக்கும்" என்று நான் சொன்னதற்கு, கோபம் வராமல் டம்ளரும் கையுமாகக் கும்பிடு போட்டீர்கள். அந்தக் கும்பிடு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

யார் வந்து கேட்டாலும் அதையேதான் சொல்வீர்கள். "ரெண்டு பக்கமும் சுத்தமா இருக்கோணுமுங்க. ஒரு சொட்டு போதும். வெச்சுட்டு ஆட்டாம புடிச்சுக்கோணும்." நிறைய ஊற்றினால் நிறைய ஒட்டும் என்று நினைக்கிறவர்களைக் கண்டால் உங்களுக்கு ஆகாது. டியூபின் முனை அடைத்துக்கொண்டால் பவர் டேபிள் ஊசியால் குத்தி, தண்ணீர்ப் பானை பக்கத்தில் குளுமையாக வைப்பீர்கள். வீட்டில் எனக்குக்கூட அவ்வளவு கவனிப்பு கிடையாது, போங்கள்.

இதற்கு நடுவில்தான் என் அம்மா வருவதாகச் சொல்லி அனுப்பியது.

நான் தறிக்காரர் வீட்டுப் பெண். அம்மாவுக்கு முருகன் இல்லாமல் விடியாது. நீங்கள் வேதக்காரர். நாம் ரிஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்துப் போட்ட அன்றிலிருந்து அம்மா என்னோடு பேசவில்லை. உங்களைப் பற்றிப் பேச நேர்ந்தால் 'அந்த ஆளு' என்று சொல்வதாகக் கேள்வி. அப்படியே கொஞ்ச காலம் ஓடியது. பிறகு ஒரு தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போய்விட்டு வந்த அம்மா, என் அத்தை கையில் ஒரு குங்குமச் சிமிழ் கொடுத்தனுப்பியது. வெள்ளைப் பளிங்கில் செய்தது, உள்ளங்கையில் அடங்கும். நிறையக் குங்குமம். உங்களுக்கென்று ஒன்றுமில்லை, ஒரு வார்த்தைகூட இல்லை. நான் அழுதேன். நீங்கள் சிமிழைக் கையில் வாங்கி, "நல்ல கல்லு அம்மிணி" என்று சொல்லி, நீங்களே அடித்த பலகைத் தட்டில் பத்திரமாக வைத்தீர்கள். நான் பொட்டு வைப்பதில் உங்களுக்கு என்றுமே ஆட்சேபணை இருந்ததில்லை.

அதற்கடுத்த மாதம் அத்தை திரும்ப வந்தது. "ஞாயித்துக்கெழம உங்கம்மா வர்றாளாம். தண்ணி கிண்ணி குடிக்கமாட்டாளாம். உன்னைப் பாத்துப்போட்டு அப்படியே வந்துருவாளாம்" என்றது. எனக்குத் தலைகால் புரியவில்லை. வருகிற அம்மா உங்களை ஒரு மனுஷராக மதித்துப் பேசுமா, இல்லை முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுமா? அது ஒன்றுதான் எனக்கு. போய்விட்டால் அப்புறம் வராது. என் அம்மாவின் வைராக்கியம் எனக்குத் தெரியும்.

சனிக்கிழமை சாயங்காலம் நீங்கள் வேலை விட்டு வரும்போது ஒரு முருகன் படம் வாங்கி வந்தீர்கள். "உங்கம்மா வந்தா கும்புட ஒண்ணு வேண்டாமா?" என்று சொல்லிவிட்டுச் சுவரில் ஆணி அடிக்க ஆரம்பித்தீர்கள். யேசு படத்துக்குப் பக்கத்தில், சரிசமமான உயரத்தில். சுத்தியலால் நாலு அடி விழுந்திருக்கும். சுவர் அதிர்ந்தது, பலகை ஆடியது, சிமிழ் கீழே விழுந்து மூன்று துண்டாகப் போய்விட்டது. விளிம்பில் கொஞ்சம் பொடியாகவே போயிற்று. தரையெல்லாம் குங்குமம்.

குங்குமச் சிமிழ் உடைந்தால் என் அம்மா என்ன நினைக்கும் என்று உங்களுக்கு எங்கே தெரியும்! "ஏனுங்க, இது நல்லதுக்கில்லீங்க. உங்களுக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா நான் என்னங்க பண்ணுவேன்?" என்று தரையில் உட்கார்ந்து அழுதேன்.

"அம்மிணி, கல்லு கீழ உழுந்தா ஒடையத்தான் செய்யும். எம்பட ஆயுசக் கேட்டுட்டா அது உழுந்துது?" என்றீர்கள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, பேச்சை நிறுத்திவிட்டு, பானைப் பக்கம் போய் டியூபை எடுத்து வந்தீர்கள்.

ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்து துண்டுகளைத் துடைத்துச் சேர்த்தீர்கள். ஒரு சொட்டு என்று ஊருக்கெல்லாம் சொன்ன மனுஷன், அன்று பதற்றத்தில் அமுக்கிவிட்டீர்கள். குபுக்கென்று வந்து சிமிழின் மேல் வழிந்தது. திருப்பூரில் எது வழிந்தாலும் எதை எடுப்போம்? எண்ணெயா, டீயா, பிள்ளையின் மூக்குச்சளியா, எல்லாவற்றுக்கும் பனியன் வேஸ்ட்தானே. நான் ஒரு கொத்து அள்ளி நீட்ட, நீங்கள் அதை வாங்கி அழுத்தித் துடைத்தீர்கள்.

புகை வந்தது. அடுப்பில்லை, தீக்குச்சியில்லை, உங்கள் கைக்குள்ளிருந்து வெள்ளையாகப் புகை வருகிறது! "யேசப்பா!" என்று கத்திக்கொண்டு கையை உதறுகிறீர்கள், வேஸ்ட் விரலோடு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்கிறது. நான் குடத்துத் தண்ணீரை அப்படியே கவிழ்த்தேன். "முருகா, இது உனக்கே நல்லாருக்குதா?" என்று புதுப் படத்தைப் பார்த்துச் சத்தம் போட்டது நினைவிருக்கிறது. ஆணிகூடச் சரியாக ஏறாத படம். பஞ்சில் அந்தக் குளூ பட்டால் கொதிக்கும் என்று அந்தப் பொடி எழுத்தில் எங்கேயோ எழுதியிருந்திருக்கும். வேறு ஊர்க்காரனாக இருந்தால் காகிதத்தில் துடைத்துவிட்டுப் போயிருப்பான். நம் ஊரில் பிறந்ததற்கு நமக்கு அப்படி.

மூன்று விரலில் கொப்புளம். நான் அழுகிறேன், நீங்கள் விரலை ஊதிக்கொண்டே பிய்த்தெடுத்த வேஸ்ட்டைத் தரையில் தட்டிப் பார்க்கிறீர்கள். டொக்கென்றது. இன்னொரு தரம் தட்டினீர்கள். "அம்மிணி, இங்க பாரு, கல்லாட்டம் ஆயிருச்சு" என்று சிரித்தீர்கள். கை வெந்து கிடக்கும்போது அப்படி ஒரு சிரிப்பு. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் நீங்கள் பொடியாகப் போன விளிம்பில் துளியூண்டு பஞ்சை ஊசியால் அடைத்து, ஒரே ஒரு சொட்டு வைத்தபோது எனக்கும் புரிந்தது. மெல்லிசாய்ப் புகை எழுந்து அடங்கியது. ஆறிய பிறகு உப்புத்தாள் போட்டு இழைத்தீர்கள். பளிங்கு எது, பஞ்சு எது என்று கண்ணுக்குத் தெரியவில்லை. கைக்குத்தான் லேசாகத் தட்டுப்பட்டது.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் சர்ச்சுக்குப் போயிருந்த நேரத்தில் அம்மா வந்தது. பாய் விரித்தேன், உட்காரவில்லை. தண்ணீர் கொடுத்தேன், "வேண்டாங்கண்ணு" என்றது. முருகன் படத்தை ஏறிட்டுப் பார்த்தது, யார் மாட்டியது என்று கேட்கவில்லை. சிமிழை எடுத்துத் திறந்து எனக்குப் பொட்டு வைத்தது. மூடும்போது அம்மாவின் கட்டைவிரல் விளிம்பில் அந்த இடத்தில் நின்றுவிட்டது. நூலில் ஒரு முடிச்சு இருந்தாலும் இருட்டில் தடவிக் கண்டுபிடிக்கிற கை அது.

அந்த நேரம் பார்த்து நீங்கள் வந்தீர்கள். உங்கள் சொந்த வீட்டு வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல், உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாமல், கட்டுப்போட்ட கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். அம்மா திரும்பியது. உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தது.

"கையில என்னங்க மாப்பிள்ளை?"

"ஒண்ணுமில்லீங்க... பஞ்சு... பஞ்சு சுட்டுருச்சுங்க" என்றீர்கள்.

"பஞ்சு சுடுமாங்க?" என்றது அம்மா. "எங்கூட்டுல எங்க தாத்தன் காலத்துலயிருந்து பஞ்சுலதானுங்க பொழைக்கிறோம். ஒருத்தரையும் சுட்டதில்லீங்களே."

நான் கண்ணால் ஜாடை காட்டுகிறேன், சொல்லாதீர்கள் என்று. நீங்களா கேட்பீர்கள்! ஆணி அடித்ததிலிருந்து டொக்கென்று தட்டிப் பார்த்தது வரைக்கும் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டீர்கள். அம்மா கேட்டுக்கொண்டே சிமிழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. "எம்பட சாமி படத்துக்கு ஆணி அடிக்கப் போயா?" என்று ஒரு தரம் கேட்டது, அவ்வளவுதான். பிறகு என்னைப் பார்த்து, "வாசல்ல நிக்கறாரு பாரு, உள்ள வரச் சொல்லு. வெரலுக்குத் தேங்கா எண்ணெ வெச்சு உடு. எனக்குச் சித்தத் தண்ணி குடு கண்ணு, தாகமா இருக்குது" என்றது.

பிறகு உங்களுக்கு அம்மா செய்த சீர் எல்லாம் ஊருக்கே தெரியும். எனக்கு வைத்த குழம்பில் உப்பு இருக்காது, மாப்பிள்ளைக்கு வைத்த குழம்பில் குறை இருக்காது. நீங்கள் போன பிறகும் நான் பொட்டு வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, சொன்னாலும் கேட்டிருக்க மாட்டேன்.

இப்போது ஒரு சேதி சொல்ல வேண்டும். நீங்கள் தோளில் தூக்கிச் சுமந்த நம் பேத்தி, கூட வேலை பார்த்த பீகார்ப் பையனைக் கட்டிக்கொண்டாள். பிரிண்டிங் யூனிட்டில் சூப்பர்வைசராக இருக்கிறான், தங்கமான பிள்ளை. நம் மகன் தன் மகள் வீட்டு வாசலை இன்னும் மிதிக்கவில்லை. 'அந்த ஹிந்திக்காரன்' என்கிறான். முகவெட்டு உங்களுடையது, வைராக்கியம் மட்டும் என் அம்மாவுடையது.

காலையில் அவனிடம், "நாளைக்கு நான் போறேன், யாரு தடுத்தாலும் நிக்கமாட்டேன்" என்றேன். பேப்பரைப் புரட்டிக்கொண்டிருந்தான். சாயங்காலம் வந்து, "பஸ்ஸுல எதுக்கும்மா அலையற? நான் வண்டியில கொண்டுபோய் உடறேன். ஆனா எறங்கமாட்டேன், இப்பவே சொல்லிப்போட்டேன்" என்றான்.

இறங்காமல் இருக்கட்டும். வாசல் வரைக்கும் வருகிறான் அல்லவா, அது போதும். அந்தப் பையன் என்னைக் கூப்பிட வெளியே வருவான். அவனுக்குத் தமிழ் அரைகுறைதான். ஆனால் ஒரு சொல் நன்றாகத் தெரியுமாம். நம் வீட்டில் யாராவது தன்னை அப்படிக் கூப்பிடுவார்களா என்று பேத்தியிடம் கேட்டானாம். என் தொண்டை இப்போதெல்லாம் அடிக்கடி கம்மிப் போகிறது. நாளைக்கு அது கம்மாமல் இருக்க வேண்டும் என்று உங்கள் சாமியிடமும் என் சாமியிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். வண்டியை விட்டு இறங்கியதும் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி, "நல்லாருக்கீங்களா மாப்பிள்ளை?" என்று கேட்கப்போகிறேன்.

வண்டியில் உட்கார்ந்திருப்பவன் காதிலும் விழட்டும்.