நேரில் வந்து சொல்லாத கலியாணம்

அன்புத் தோழி,

இன்று காலை இங்கே ஆக்லாந்து லின்ஃபீல்டில் விடாத மழை. வேலைக்குப் போவதற்காக அலுமாரியின் கடைசியில் தொங்கிய தடித்த கோட்டை எடுத்துப் போட்டேன். உள்பையில் கையை விட்டால் மடித்த கடதாசி ஒன்று. பிரான்சின் சார்லா நகரத்துச் சுற்றுலாக் கந்தோரில் நீ வாங்கிய வரைபடம். கோட்டைகள், குகைகள், ஆற்றங்கரை ஊர்கள் எல்லாவற்றையும் சுற்றி உன் நீலப் பேனை வட்டம் போட்டிருக்கிறது. நடுவே உள்ளங்கையளவு இடம் மட்டும் வெறுமையாகக் கிடக்கிறது. அங்கே நீ ஒரு புள்ளிகூட வைக்கவில்லை.

பாட்டனி டவுன்ஸில் நான் வேலை செய்யும் கடைக்குத் தொலைபேசி எடுத்து, பிந்தித்தான் வருவேன் என்று சொல்லிவிட்டேன். கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறை மேசையில் இருந்து இதை எழுதுகிறேன். நீ போய் ஒன்பது மாதமாகிறது. உயிரோடு இருந்தபோது ஒரு வாழ்த்து மடல்கூடப் போடாதவள் இப்போது கடிதம் எழுதுகிறாளே என்று சிரிப்பாய். சிரி. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

நான் பாரிசுக்கு வந்தது ஓர் ஒக்டோபரில். பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்த நாம் சண்டைக் காலத்தில் ஆளுக்கொரு திசையாகச் சிதறி, முப்பத்தைந்து வருடங்களுக்குப் பிறகு நேரில் கண்டுகொண்டோம். ஹோட்டல் அறைகள் துப்புரவாக்கும் வேலை, வீடு, தமிழ்க் கடைத்தெரு, இந்த மூன்றையும் தாண்டி அந்த நாட்டில் எதையும் நீ பார்த்ததில்லை. அப்படிப்பட்டவள் நான் வந்த மூன்றாம் நாளே சொன்னாய்: "தோர்தோஞ் பக்கம் போவம். நாலு நாள். என்ரை காரிலை."

"அங்கை என்ன இருக்கு?"

"பழைய கோட்டையள் இருக்கு, வடிவான ஆறு இருக்கு. உங்கடை நியூசிலாந்திலை ஒரு கோட்டை இருக்கோ, சொல்லு பாப்பம்?"

இல்லைதான். பெட்டி அடுக்கினேன்.

ஐம்பது வயதில் கார் பழகியவள் நீ. யாழ்ப்பாணத்திலும் ஆக்லாந்திலும் இடப்பக்கமாகவே ஓடிப் பழகியவள் நான். அங்கே எல்லாம் மறுபக்கம்; ஒவ்வொரு தடவையும் ஓட்டுகிறவர் கதவடியில் போய் நின்றேன். "நீயே ஓட்டனடி, நான் நித்திரை கொள்ளுறன்" என்று பகிடி பண்ணினாய். அந்தப் பயணத்தில் நீ மனம்விட்டுப் பண்ணிய பகிடி அது ஒன்றுதான். தோர்தோஞ் நெருங்க நெருங்க உன் பேச்சுக் குறைந்தது. ஒரு சுற்றுவட்டத்தை மூன்று தரம் சுற்றினாய். வழி சொல்லும் கருவி ஏதோ ஓர் ஊரின் பெயரைச் சொன்னதும் அதைப் பட்டென்று நிறுத்திவிட்டாய். "உதின்ரை சத்தம் தலையிடிக்குது" என்றாய். பக்கத்தில் இருந்த எனக்குக் கால் தன்பாட்டில் பிரேக்கைத் தேடியது.

சார்லா அழகான ஊர். தேன் நிறக் கல்லில் கட்டிய வீடுகளும் ஒடுங்கிய ஒழுங்கைகளும். அன்று சனிக்கிழமைச் சந்தை. வாத்து ஈரலும் பாலாடைக் கட்டியும் அப்போதுதான் உதிர்ந்த வால்நட்டுமாகக் கடைகள் நிரம்பிக் கிடந்தன. நான் அண்ணாந்து கூரைகளைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். நீ எதிரே வருகிற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தாய். பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு ஒரு மண்ணிறப் பெண் வந்தபோது, ஐம்பத்தேழு வயதுக்காரி நீ, பாலாடைக் கட்டி விற்ற வானுக்குப் பின்னால் ஓடிப்போய்க் குந்தினாய். அவள் யாரோ. எங்களைக் கவனிக்காமல் கடந்து போனாள். அவள் மறையும்வரை நீ எழும்பவில்லை.

அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"அபி இஞ்சையோ இருக்கிறாள்?"

"பதினெட்டுக் கிலோமீற்றர்" என்றாய், வரைபடத்தின் நடுவில் வெறுமையாகக் கிடந்த இடத்தைத் தொட்டு.

உன் ஒரே மகள். பாரிசில் பிறந்து, வேளாண்மை படித்து, லூக் என்ற வால்நட் தோட்டக்காரனைக் கட்டிக்கொண்டு எங்கேயோ நாட்டுப்புறத்தில் இருக்கிறாள் என்ற அளவில்தான் எனக்குத் தெரியும். ஆறு வருடமாக நீ அவளோடு கதைக்கவில்லை. மூன்று வயதுப் பேத்தியை வேறொருத்தியின் தொலைபேசிப் படத்தில்தான் கண்டாய். அந்தப் படத்தைக் கண்டதிலிருந்து உனக்கு இருப்புக் கொள்ளவில்லை. தனியாகப் போகத் துணிவு வராமல், கோட்டை பார்க்கிற சாட்டில் என்னைக் கூட்டி வந்திருக்கிறாய்.

ஆறு வருடம் ஏன் கதைக்கவில்லை என்று நான் உன்னிடம் கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.

அபியின் கலியாணக் கார்ட் உனக்குத் தபாலில் வந்தது. பிரெஞ்சில் அச்சடித்த வெள்ளைக் கார்ட். வருகிறீர்களா இல்லையா என்று நிரப்பி அனுப்ப ஒரு சின்னத் துண்டும் அதோடு இருந்தது. நீ உடனே எனக்குத் தொலைபேசி எடுத்தாய். நான் கடையின் ஓய்வறையில், பத்து நிமிட இடைவேளையில், பாணைக் கடித்துக்கொண்டு கேட்டேன். "பெத்த தாய்க்குத் தபாலிலை கார்ட் போட்டிருக்கிறாள்" என்று நீ அழுதாய். நம் ஆட்களின் முறை உனக்கும் எனக்கும் தெரியும். கலியாணத்துக்கு நேரில் போய்ச் சொல்ல வேண்டும். இங்கேயும் அப்படித்தான். நகரத்தின் மறுகோடி மனுரேவாவில் இருக்கிறவருக்கு ஒரு கார்ட் கொடுக்க லின்ஃபீல்டிலிருந்து மோட்டர்வேயில் ஊர்ந்து போய், தேத்தண்ணி குடித்து, கையில் கொடுத்துவிட்டு வருவோம். தொலைபேசியில் சொன்னவரின் கலியாணத்துக்குப் போகாமல் இருந்துவிட்டு, அதைப் பெருமையாக வேறு சொல்லித் திரிவோம்.

எனக்கு வாய் நீளம், உனக்குத் தெரியும். யோசிக்காமல் சொன்னேன்: "வந்து முறையாச் சொல்லாமல் என்னண்டு போறது? அவள் வந்து கூப்பிடட்டும். அதுவரைக்கும் நீ அசையாதை."

நீ அசையவில்லை. அவள் வருவாள் என்று வீடு கூட்டி, குங்குமச் சிமிழ் துடைத்து வைத்துக் காத்திருந்தாய். அவளோ, அம்மா அந்தத் துண்டை நிரப்பி அனுப்பவில்லை, வர விருப்பமில்லைப்போல என்று எண்ணிக் காத்திருந்தாள். இருவரும் காத்திருக்க, கலியாணம் நடந்து முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை லா ரோக் கஜாக் பார்த்தோம். மலைப்பாறையின் மடியில் வீடுகள், கீழே ஆறு. பிறகு டோம் என்ற மலையுச்சி ஊருக்கு ஏறினோம். மதிலோரம் நின்று பார்த்தால் ஆறு வளைந்து வளைந்து போகிறது, இரண்டு கரையிலும் வால்நட் மரங்கள் மஞ்சளாக நிற்கின்றன. உல்லாசப் பயணிகள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நீ அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு என்னைப் பார்த்தாய்.

"நீதானே சொன்னனீ, அசையாதை எண்டு."

ஆறு வருடத்தில் முதல் தடவையாகச் சொன்னாய். சத்தம் போட்டிருந்தால் நானும் சத்தம் போட்டிருப்பேன். மெதுவாகத்தான் சொன்னாய். எனக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. "நான் சொன்னால்? உனக்கெண்டு புத்தி இல்லையோ? பன்னிரண்டாயிரம் மைலுக்கு அங்காலை இருந்து ஒரு விசரி சொன்னால் கேக்கிறதோ?" என்றேன். நீ காரடிக்கு நடந்தாய். அன்றைக்கு நாம் ஒரே மேசையில் இருந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் சூப் குடித்தோம்.

கடைசி நாள் திங்கட்கிழமை. பாரிசுக்குத் திரும்ப வேண்டும். விடியவே ரொக்கமதூர் போனோம். செங்குத்தான பாறையில் ஒட்டிக்கொண்டிருக்கும் கோயில் ஊர். இருநூற்றுக்கு மேற்பட்ட படிகள். மேலே சிறிய தேவாலயத்தில் கறுத்த மாதா இருக்கிறா. "எங்கடை நிறமடி" என்று உன்னைச் சிரிக்க வைக்கப் பார்த்தேன். நீ சிரிக்கவில்லை. ஒரு மெழுகுதிரி கொளுத்திவிட்டு, முருகன் முன்னால் நிற்கிறதுபோலக் கைகூப்பி வெகுநேரம் நின்றாய். இறங்கி வந்து காரில் ஏறியதும் நீ நிறுத்தி வைத்திருந்த வழிகாட்டியை உன் கையாலேயே திரும்பப் போட்டாய்.

மதியம் பன்னிரண்டு மணிபோல ஒரு தோட்ட வாசலில் கார் நின்றது. ஈர இலையும் வால்நட் தோலும் புளித்த வாசம். முப்பது மீற்றர் தூரத்தில் நீலக் கதவு வீடு. நீ ஸ்டீரிங்கை விடவில்லை.

"நீ போய்ச் சொல்லு."

பிரெஞ்சில் நன்றியும் வணக்கமும் தவிர வேறொன்றும் தெரியாத நான் போய்த் தட்டினேன். சாப்பாட்டு மேசையிலிருந்து எழும்பி வந்து அபிதான் திறந்தாள். உன் மூக்கு, உன் நெற்றி. உன் பட அல்பத்தில் கண்டிருப்பாள்போல, என்னை உடனே அடையாளம் பிடித்தாள்.

"அன்ரி? அம்மாவுக்கு ஏதும்..."

"அம்மா காருக்குள்ளை இருக்கிறா."

அவள் வாசலைப் பார்த்தாள். முகம் இறுகியது. "அவவுக்குக் கால் இல்லையோ? வரச் சொல்லுங்கோ. இந்தக் கதவு ஆறு வருசமாத் திறந்துதான் கிடக்கு."

திரும்பி வந்து, "வரட்டாம்" என்றேன்.

"அவள் வந்து கூப்பிடட்டும்" என்றாய்.

என் சொல். எழுத்துப் பிசகாமல் என் சொல். உன் கை கார்ச் சாவியில் இருந்தது. இன்னும் ஒரு நிமிடம் போனால் திருப்பிவிடுவாய் என்று எனக்குத் தெரிந்தது. பாரிசுக்குப் போய்விடுவாய், பிறகு ஒருநாளும் வரமாட்டாய். அப்போதுதான், ஆறு வருடம் பிந்தி, ஒரு சின்னப் பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் என் மண்டைக்குள் ஏறியது.

"எடியே, கேள். நான் சொன்னது பிழை. மகளின்ரை கலியாணத்துக்குத் தாயை ஆர் கூப்பிடுறது? தாய்தானே ஊரைக் கூப்பிடுறவள்! தட்டத்தோடை வீடு வீடாப் போயிருக்க வேண்டியவள் நீ. உன்ரை வீட்டுக் கலியாணத்துக்கு உன்னைக் கூப்பிடேல்லை எண்டு நாங்கள் ரெண்டு பேரும் கோவிச்சுக்கொண்டு இருந்திருக்கிறம். என்னை மன்னிச்சுக்கொள். இறங்கு."

நீ என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். "என்ரை வீட்டுக் கலியாணம்" என்று ஒரு தரம் சொன்னாய். பிறகு கதவைத் திறந்தாய். செருப்பு சேற்றில் புதைய, விழுந்து கிடந்த வால்நட்டுகளை மிதித்துக்கொண்டு, ஓரிடத்திலும் நிற்காமல் நடந்தாய். பாதி வழியில் அபி ஓடி வந்தாள். நீங்கள் என்ன கதைத்தீர்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. நான் காருக்குள் இருந்து பெருஞ்சத்தமாக அழுதுகொண்டிருந்தேன்.

அன்று நாம் பாரிசுக்குத் திரும்பவில்லை. லூக் இன்னும் இரண்டு சாப்பாட்டுக் கோப்பை வைத்தான். பிரான்சில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டக் கூடாதாம், அபி சொன்னாள். பேத்தி உன் மடியில் இருந்து உன் கழுத்துச் சங்கிலியை எண்ணெய்க் கையால் பிடித்து இழுத்தாள். நீ இழுக்க விட்டாய்.

அதற்குப் பிறகு உனக்கு இரண்டு வருடமும் சில மாதங்களும் கிடைத்தன. ஒவ்வொரு விடுமுறைக்கும் அங்கே போனாய். சந்தோஷமாகத்தான் இருந்தாய். ஆனால் நான் அதை ஆறு வருடத்தோடு வைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. நீ என்னை மன்னித்துவிட்டாய் என்று சொன்னாய். பத்து நிமிடப் பேச்சில் ஆறு வருடத்தைத் தின்றவளுக்கு அந்த மன்னிப்புப் போதவில்லை, தோழி.

நீ போன செய்தியும் தொலைபேசியில்தான் வந்தது. இங்கே காலை, அங்கே பின்னேரம். நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். அபியின் குரல் அழுகையை அடக்கிக்கொண்டு, மனப்பாடம் பண்ணியதுபோல ஒவ்வொரு சொல்லாக வந்தது.

"அன்ரி, உங்களுக்கு நேரிலை வந்து சொல்ல வேணும். தூரம், ஏலாமல் கிடக்கு. போனிலை சொல்லுறன், குறை நினையாதேங்கோ. அம்மா போட்டா."

செத்த வீட்டுக்கு யாரும் நேரில் போய்ச் சொல்வதில்லை, கேள்விப்பட்டால் ஓடிவர வேண்டியதுதான் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியவில்லை. தாயைப் பறிகொடுத்த நேரத்தில் என் கோபத்துக்குப் பயந்து என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். "இல்லையம்மா, இல்லையம்மா" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அன்று முதல் அவளுடைய அந்தக் குரல் என்னோடுதான் இருக்கிறது. கடையில் சாமான் அடுக்கும்போதும் கேட்கிறது.

ஒக்டோபரில் நான் பிரான்சுக்கு, அந்த நீலக் கதவு வீட்டுக்குப் போகிறேன். கடையில் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். அபி என்னைக் கூப்பிடவில்லை.