முப்பது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு பஸ்ஸர்

நஸ்ரீன், என் அருமைச் சண்டைக்காரியே,

நம் பரிசோதனை முடிந்துவிட்டது. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

நீ எங்களை விட்டுப் போன பதினைந்தாம் நாள் துறைத் தலைவர் கூப்பிட்டார். "வேற தலைப்பு எடுத்துக்கோம்மா, தனியா எப்படிப் பண்ணுவ?" என்றார். யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்தேன். நம் தலைப்பு எனக்குப் பிடித்ததே இல்லை என்பது உனக்குத் தெரியும். ஸ்கூட்டரில் ஒரே சுருதியில் ஒலிக்கும் பஸ்ஸரைக் கட்டி ஓட்டினால், நம்மை நெருங்கும்போது சுருதி ஏறும், தாண்டியதும் இறங்கும், ஃபோனில் பதிவு செய்து அளந்துவிடலாம் என்றாய். "முப்பதுல போனா வித்தியாசமே தெரியாதுடி, மானம் போயிடும்" என்றேன். ஒரு வாரம் பேசவில்லை. அந்த வாரத்தில்தான் உனக்குக் காய்ச்சல். நான் ஃபோன் செய்திருந்தால் எடுத்திருப்பாயா?

நம் பரிசோதனைக் குறிப்பேட்டைக் கேட்டு கே.கே. நகரில் உன் வீட்டுக்குப் போனேன். கடைசிப் பக்கத்தில் கணக்கு இருந்தது. பஸ்ஸரின் ஒலி நொடிக்கு இரண்டாயிரம் அதிர்வு. தாண்டும்போது ஏறக்குறைய நூறு குறையும். அதன் கீழே, 'வித்யா நம்ப மாட்டா.'

உன்னைப் போலவே நானும் 'அம்மி' என்று கூப்பிடும் உன் அம்மாவிடம், வண்டி ஓட்ட ஆள் வேண்டும் என்று சொன்னேன்.

"நான் ஓட்றேன். அவ வண்டி சும்மாத்தானே கீது?"

ஞாயிறு காலை, பெசன்ட் நகரில் ஆளில்லாத ஒரு தெரு. நான் ஃபோனோடு நடைபாதையில் நின்றேன். "இன்னா, பிரேக்கே அடிக்கக் கூடாதா?" என்று அம்மி ஒரு தடவை கேட்டுக்கொண்டார். பிறகு நான்கு முறையும் முள் முப்பதை விட்டு அசையாமல் ஓட்டினார். நீகூட அப்படி ஓட்டியிருக்க மாட்டாய்.

லேப்டாப்பில் அளந்து பார்த்தேன். தொண்ணூற்றெட்டு.

ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே வந்தார். "இதுல இன்னாம்மா தெரிஞ்சிச்சு?"

"சத்தம் எவ்ளோ இறங்கும்னு அவ முன்னாடியே கணக்குப் போட்டு வெச்சிருந்தா அம்மி."

"சரியா வந்துச்சா?"

"சரியா வந்துச்சு."

கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார். பிறகு ஹெல்மெட்டை மறுபடி மாட்டினார். "இன்னொரு தபா போயிட்டு வரேன்."

நான்கு பதிவுகளே போதும். அதை நான் சொல்லவில்லை. ஃபோனை நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

திங்கட்கிழமை அறிக்கையைக் கொடுக்கிறேன். உன் பெயர்தான் முதலில் இருக்கும். யாராவது கேட்டால், கணக்குப் போட்டவள் அவள், நம்பாமல் சரிபார்த்தவள் நான் என்று சொல்வேன். இது சத்தியம்.

உன்னிடம் தோற்றுப்போன தோழி,
வித்யா