மேற்குச் சுவருக்கு ஓர் ஏரி

வீரபாண்டி, திருப்பூர்
8 ஜூலை 2024

அன்புள்ள சைதுன்னிசாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, நம் வீட்டு ஹாலின் மேற்குச் சுவரில் ஒரு படம் மாட்டுவது என்று இன்று காலை முடிவெடுத்திருக்கிறேன். நம் யூனிட் மேஸ்திரி முகமது ரபீக் உடனிருந்தான்.

மகள் அல்ஃபியா கல்யாணமாகிப் போனபின், சாயங்காலமானால் வெறுஞ்சுவரைப் பார்த்துக்கொண்டு தனியாக உட்கார முடியவில்லை என்று சொல்லித்தானே உன் அக்கா வீட்டுக்குப் போனாய்? குறை சுவரில் இருப்பது தெரிந்துவிட்டது. இனி சிரமமில்லை.

மனம் தெளிய நீரும் பச்சையும் நல்லது என்று படித்தேன். ஏரி, படகு, படகோட்டி, சில கொக்குகள். நம் பிரிண்டிங் யூனிட்டிலேயே பனியன் துணியில் அடித்துச் சட்டம் போடலாம். சாம்பிள் இணைத்துள்ளேன். அப்ரூவல் கையெழுத்திட்டு அனுப்பு. படம் மாட்டியதும் வந்து அழைத்துப்போகிறேன்.

போனில் பேசும்போது நடுவில் ஆர்டர் தரும் பையரின் அழைப்பை எடுக்கிறேன் என்று நீ கோபித்ததால் கடிதம்.

அன்புடன்,
நஸ்ருதீன்

உக்கடம், கோவை
13 ஜூலை

அல்ஃபியா அத்தாவுக்கு, வ அலைக்குமுஸ்ஸலாம்.

நலம். அக்காவுக்குத்தான் முட்டிவலி. துணியைப் பார்த்துவிட்டு, “ஏம்புள்ள, உன்ற ஊட்டுக்காரர் சாம்பிள் அனுப்பறது பையருக்கா, பொண்டாட்டிக்கா?” என்று கேட்கிறாள்.

நாம் தொழுகிற ஹாலில் ஆள் உருவமும் பறவையும் மாட்டலாமா? அது கிடக்கட்டும். சுவரைவிடத் தனிமையைத்தான் அதிகம் சொன்னேன். இரவு எட்டு மணிக்குள் வந்து என்னோடு உட்கார்ந்து சாப்பிடுவீர்கள் என்றால் வருகிறேன். முடியாதென்றால் இங்கேயே இருந்துகொள்கிறேன்.

கையெழுத்துப் போடவில்லை.

சைதுன்னிசா

வீரபாண்டி
20 ஜூலை

அன்புள்ள சைதுன்னிசாவுக்கு,

எட்டு மணி. ஒப்புக்கொண்டேன். மாலை வேலையை ரபீக் பார்ப்பான்.

உருவங்கள் பற்றி நீ சொன்னது நியாயம். நம் டிசைனர் அனம் படகோட்டியையும் கொக்குகளையும் கம்ப்யூட்டரில் நீக்கிவிட்டாள். படகை விட்டுவைத்தோம், அதற்கு உயிரில்லை. ரபீக் வெகுநேரம் பார்த்துவிட்டு, “ஏனுங்க மொதலாளி, படகு நடுத்தண்ணியில நிக்குது, ஓட்டறவரு எங்கீங்க போனாரு?” என்றான். “யூனிட்டுக்குப் போயிருப்பாரு” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். ஏன் என்று தெரியவில்லை.

துணி காய்கிறது. வெள்ளிக்கிழமை மாட்டிவிட்டு ஞாயிறு வருகிறேன். பையைக் கட்டி வை.

நஸ்ருதீன்

வீரபாண்டி
5 ஆகஸ்ட்

அன்புள்ள சைதுன்னிசாவுக்கு,

சொன்ன ஞாயிறு வர முடியவில்லை. அதற்கு முந்தின நாள் பையரின் ஆள் யூனிட்டுக்கு வந்தார். சட்டத்துக்காகக் காத்திருந்த நம் படம் அவர் கண்ணில் பட்டது. ஆளில்லாத படகு மனதுக்கு அமைதியாக இருக்கிறதாம். டி-சர்ட்டில் அடிக்கச் சொல்லி ஆர்டர் தந்துவிட்டார். யூனிட் இரண்டு ஷிப்ட் ஓடுகிறது. ரபீக் ஒருவனால் ஆகாது. நிறம் ஒப்பிட வேண்டியிருப்பதால் படத்தை வீட்டுக்குக் கொண்டுபோக முடியவில்லை.

டிசம்பரில் ஆர்டர் முடிந்ததும் படமும் எட்டு மணியும் உறுதி. நான் சொன்னால் சொன்னதுதான். உனக்காகத் தேடிய படம் இத்தனை பேருக்கு அமைதி தரப்போகிறது என்பதை நினைத்துப் பார்.

முதல் டி-சர்ட்டை உன் அளவில் அடித்து அனுப்பியிருக்கிறேன்.

நஸ்ருதீன்

உக்கடம்
12 ஆகஸ்ட்

அல்ஃபியா அத்தாவுக்கு,

டி-சர்ட் வந்தது. அக்கா மகளுக்குச் சரியாக இருக்கிறது. போட்டுக்கொண்டு டியூஷனுக்குப் போகிறாள். நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுங்கள். குளிர்சாதனப் பெட்டியில் கீழ்த்தட்டில் எலுமிச்சை ஊறுகாய் இருக்கும்.

இன்று இ-சேவை மையத்துக்குப் போய், ஆதாரில் என் முகவரியை அக்கா வீட்டுக்கு மாற்றக் கொடுத்துவிட்டு வந்தேன்.

சைதுன்னிசா