மேல்நிலையத்திலிருந்து வரும் குரல்

அனுப்புநர்:
நீர்மட்டக் காவலர்,
கீழ்க்கரை நிலையம்.

பெறுநர்:
உயர்திரு தலைமைச் செயலாளர் அவர்கள்,
ஆற்று நாடுகள் கூட்டமைப்பு.

பொருள்: மேல்நிலையத்தை உடனே நேரில் சோதிக்கவும், தாழ்கரை மக்களை வெளியேற்ற அனுமதிக்கவும் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நம் உறுப்பு நாடுகளுக்கு மொழி வேறு, கொடி வேறு. வெள்ளம் மட்டும் பொது. மலைநாட்டிலுள்ள மேல்நிலையம் காலைதோறும் தொலைபேசியில் நீர்மட்டம் சொல்லும். அதை வைத்தே நாங்கள் ஊரை எச்சரிப்போம். நீர்மட்டம் அளக்கும் கம்பமும் தொலைபேசியும் கூட்டமைப்பு தந்தவை. போன வெள்ளத்தில் என் குடும்பம் பிழைத்தது அப்படி வந்த ஓர் அழைப்பால்தான். நன்றி மறக்கவில்லை.

2. மேல்நிலையக் காவலரை நான் கண்டதில்லை. அண்ணன் என்றே அழைப்பேன். எங்கள் மொழியில் நான் கற்றுத்தந்த இரண்டொரு சொல்லை அளவு சொன்னதும் தவறாமல் சொல்வார்: "தங்கச்சி, சாப்டாச்சா?" நான் ஆச்சு என்றதும், "நல்லது, நல்லது" என்று வைத்துவிடுவார்.

3. சில நாட்களாக ஒரே அளவு வருகிறது. ஒரே இடத்தில் ஒரே இருமல். சந்தேகம் வந்து, அவர் மொழியிலேயே, "அண்ணே, எங்க வீடு பத்திக்கிச்சு" என்றேன். "நல்லது, நல்லது" என்றது குரல்.

4. தொடர்பு அதிகாரியிடம் முறையிட்டேன். "தகவல் ஒழுங்காத்தானேம்மா வருது? அவங்களுக்குக் கேடயமே குடுத்திருக்கோம்" என்றார். அழைப்பு ஒரு நாள் தவறினாலும் அந்த உறுப்பு நாட்டுக்கான உதவி நிறுத்தப்படும் என்பது நம் விதி. அந்த அச்சத்தில் யாரோ பழைய பதிவை ஓடவிடுகிறார்கள் என்று கருதுகிறேன். அழைப்பைத்தான் எண்ணுகிறோம், ஆளை விசாரிப்பதில்லை.

5. மலையில் விடாத மழை. இங்கோ ஆறு வற்றுகிறது. மக்கள் மகிழ்ச்சியாகத் துணி துவைக்க இறங்குகிறார்கள். மேலே எங்கோ மண் சரிந்து நீரை அடைத்திருக்கிறது என்று அஞ்சுகிறேன். அடைப்பு உடைந்தால் முதலில் போவது தாழ்கரைப் பள்ளிக்கூடம். என் மகளும் அங்கேதான் படிக்கிறாள். மேல்நிலையம் சொல்லாமல் அபாயச் சங்கு ஊத எனக்கு அதிகாரமில்லை.

6. நேற்று எங்கள் மதகில் ஒரு மரக்கம்பம் வந்து சிக்கியது. கூட்டமைப்பின் முத்திரையும் மேல்நிலைய எண்ணும் அதில் தெளிவாக உள்ளன. இப்போது என் அறைச் சுவரில் சாய்ந்து நிற்கிறது.

இன்று காலையும், அந்தக் கம்பத்தைப் பார்த்துப் படித்ததாக, அதே அளவு வந்தது. சாப்டாச்சா என்றும் கேட்டது.

ஐயா, அண்ணனைத் தேட ஆள் அனுப்புங்கள். உங்கள் பதில் வரும்வரை காத்திருக்க ஆறு சம்மதிக்குமா என்று தெரியவில்லை. எனவே இம்மனுவை அனுப்பிய கையோடு, அதிகாரமின்றியே சங்கை ஊதப் போகிறேன். தண்டனை எதுவானாலும் ஏற்கிறேன்.

இடம்: கீழ்க்கரை
நாள்: இன்று, காலை அழைப்புக்குப் பின்

இப்படிக்கு,
(ஒப்பம்)
நீர்மட்டக் காவலர்