எந்த இரண்டு வயர்

மார்ச் 3, செவ்வாய்

காலையிலேயே வெயில் சுள்ளென்று. பயிற்சியில் இன்று த்ரீ ஃபேஸ் மோட்டார் பாடம். மத்தியானம் எலுமிச்சை சாதம் கொஞ்சம் தூக்கலாகப் போய்விட்டது. கண் சொக்கிவிட்டது. மில் மூடியதிலிருந்து வீட்டில் கிடந்த உடம்பு, மத்தியானத் தூக்கம் லேசில் விடுமா? பக்கத்து பெஞ்சு பெருமாள், கொட்டாம்பட்டிக்காரன், முழங்கையால் இடித்தான். "அண்ணே, சார் பாக்குறாரு." முழித்தபோது, "...ரெண்டு வயரை மாத்திட்டா சுத்து மாறிடும், அம்புட்டுதான்" என்று சார் முடித்துக்கொண்டிருந்தார். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும்.

சார் என்னைவிடச் சின்னவர். பரவாயில்லை. இந்தப் பயிற்சிக்கு எம்ப்ளாய்மெண்ட் ஆபீஸ் கார்டு வந்த அன்று செல்வி சாமிக்குச் சூடம் கொளுத்தினாள். நான் வகுப்பில் தூங்கவா கொளுத்தினாள்?

வாங்க வேண்டியது: மண்ணெண்ணெய், புளி, பாப்பாவுக்கு ரிப்பன்.

மார்ச் 5, வியாழன்

எழுமலையிலிருந்து மாமனார். கிணற்று மோட்டார் எரிந்துவிட்டதாம். நட்ட வெங்காயம் காய்கிறது. உசிலம்பட்டிக் கடையில் உள்ளே கம்பிச்சுருளை, அதான் காயிலை, புதிதாகக் கட்டக் கொடுத்தால் உடனே ஆகாதாம், அங்கே ஏற்கெனவே வரிசை.

செல்வி சட்டென்று, "ஏன், இவுக கட்ட மாட்டாகளா? அதைத்தானே படிக்கிறாக?"

மாமனார் என்னை மேலும் கீழும் பார்த்தார். "மில்லுக்கார மாப்ளைக்கு இதெல்லாம் வருமா?"

அவருக்கு மூன்று மருமகன்கள். வாத்தியார் மாப்ள, கடைக்கார மாப்ள, மில்லுக்கார மாப்ள. அப்படித்தான் கூப்பிடுவார். கல்யாணத்தின்போது கேட்கக் கேட்க இனித்தது. மில் மூடிய பிறகும் அதே பேர்தான். வேறு என்ன சொல்லித்தான் கூப்பிடுவார், பாவம். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் சுருக்கென்கிறது.

"கொண்டாங்க மாமா, நான் கட்டித் தாரேன்." வாய் முந்திக்கொண்டது.

மார்ச் 6, வெள்ளி

மோட்டார் பஸ் கூரையில் வந்து இறங்கியது. கண்டக்டர்: "யோவ், இதுக்கு ஆளு டிக்கெட்டே போடணும்யா." பயிற்சிக் கூடத்திலேயே வைத்துக் கட்ட சார் உடனே சம்மதித்தார். "இதேன் உங்களுக்குப் பரீட்சைண்ணே."

கருகிய காயிலை வெட்டி எடுத்தேன். நாற்றம் சட்டையிலேயே தங்கிவிட்டது. மில்லில் நூல் அறுந்தால் கண்ணை மூடிக்கொண்டு முடிச்சுப் போட்ட விரல்கள். செம்புக் கம்பியும் நூல் மாதிரிதான், கோபம் மட்டும் ஜாஸ்தி.

ரிப்பன் மறந்தேன்.

மார்ச் 10, செவ்வாய்

புதுக் காயிலுக்குப் பூசிய வார்னிஷ் காய்ந்தது. ஸ்விட்ச் போட்டேன். கும்மென்று ஓடியது! பெருமாள் விசில் அடித்தான். சார் டீ வாங்கிக் கொடுத்தார். வீட்டில் செல்வி மூக்கைப் பொத்திக்கொண்டே சிரித்தாள். ரொம்ப நாள் கழித்து நிம்மதியான சாப்பாடு.

ரிப்பன் மறுபடி மறந்தேன். பாப்பா பேசவில்லை.

மார்ச் 11, புதன்

பயிற்சிக்கு லீவு சொல்லிவிட்டு முதல் பஸ்ஸில் எழுமலை. மூன்று மணிக்குக் கரண்ட் போய்விடும், அதற்குள் ஓட வேண்டும். வெங்காயத் தாள் நுனியெல்லாம் மஞ்சள். இன்றும் பாய்ச்சாவிட்டால் அவ்வளவுதான்.

கிணற்றடியில் பாதி ஊர். மாட்டினேன், போட்டேன். மோட்டார் கும்மென்றது. குழாய் ஒரு வாய் கொப்பளித்துவிட்டு நின்றது.

"தண்ணி எங்கப்பா?"

"மில்லுக்காரரு கட்டுன மோட்டாரு, நூலுதேன் விடும்."

சிரிப்பு. மாமனார் சிரிக்கவில்லை. அது இன்னும் மோசம்.

குனிந்து பார்த்தேன். பம்பு மேல் அம்புக்குறி ஒரு பக்கம், மோட்டார் சுற்றுவது எதிர்ப்பக்கம். ரிவர்ஸ்! கட்டு சரி, சுற்றுதான் தப்பு. ரெண்டு வயரை மாற்ற வேண்டும், சார் சொன்னாரே. ஆனால் எந்த ரெண்டு? மூன்று வயர் இருக்கிறது. பாழாய்ப்போன எலுமிச்சை சாதம்! தப்பாக மாற்றி மறுபடி எரிந்துவிட்டால்? வெங்காயமும் போச்சு, மானமும் போச்சு. இருக்கிற சாமியை எல்லாம் கூப்பிட்டேன். மெயினை அணைத்து, இடது பக்கத்து இரண்டை மாற்றி ஸ்க்ரூவை முடுக்கினேன். கண்ணை மூடிக்கொண்டு ஸ்விட்ச்.

வந்தது. குழாய் நிறைய! சட்டை பூரா நனைந்தது.

மாமனார் மம்பட்டியை எடுத்துக்கொண்டு மடை திருப்பப் போய்விட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. முகம் கழுவுகிற மாதிரி குழாயடியில் நின்றுகொண்டேன்.

கோழிக் குழம்பு. இரண்டு தடவை சோறு.

மார்ச் 12, வியாழன்

சாரிடம் கேட்டேவிட்டேன். "அன்னைக்கு மாத்தச் சொன்னீங்களே, அது எந்த ரெண்டு வயரு?"

வகுப்பே கொல்லென்றது. "எந்த ரெண்டுன்னாலும் சரிதாண்ணே. மூணுல எதையாச்சும் ரெண்டை மாத்துனாப் போதும். அதைத்தானே அன்னைக்குத் தொண்டை கிழியச் சொன்னேன்!"

பெருமாள் பெஞ்சில் கவிழ்ந்து சிரித்தான். நானும்தான். அம்புட்டு சாமியையும் சும்மா தொந்தரவு செய்திருக்கிறேன்.

ரிப்பன் வாங்கியாயிற்று. சிவப்பு.

மார்ச் 15, ஞாயிறு

மேகமூட்டம், மழை இல்லை. இட்லி, தக்காளிச் சட்னி. மூன்றாவது இட்லியில் கை வைக்கும்போது வாசலில் குரல்.

"ஏம்மா, மோட்டார் மாப்ள வீடு இதானா?"

முன்பின் பார்த்திராத ஆள். தோளில் சாக்கு மூட்டை, உள்ளே எரிந்த மோட்டார். எழுமலைக்குப் பக்கத்து ஊராம். செல்வி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று.

"இதேன். உள்ள வாங்க" என்றாள்.

"உங்க மாமனாருதேன் அனுப்புனாரு. செல்லூருல போயி எங்க மோட்டார் மாப்ளைய விசாரின்னாரு. தெருத் தெருவாக் கேட்டேன், ஒருத்தருக்கும் தெரியலை."

"என் பேரைச் சொல்லிக் கேட்டிருக்கலாமே?"

"பேரா? அதை அவரு சொல்லவே இல்லையே. முக்குல செவப்பு ரிப்பன் கட்டுன புள்ள ஒண்ணு வெளாண்டுக்கிட்டிருந்துச்சு. அதுதேன், 'அது எங்கப்பா'ன்னு கையப் பிடிச்சுக் கூட்டியாந்துச்சு."